அழ. வள்ளியப்பா

அழ. வள்ளியப்பா (நவம்பர் 7, 1922 - மார்ச் 16, 1989) தமிழ்க் குழந்தை இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். கவிஞர், கதாசிரியர், இதழாசிரியர். குழந்தைகளுக்காக ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றியமையால் குழந்தைக் கவிஞர் என்னும் பெயரால் அறியப்படுகிறார். பாடல்களின் புகழில் மறைந்துபோன அவரது மற்றொரு பணி, வளரும் பருவத்துச் சிறுவர் சிறுமியருக்கான கதைகளையும் நாவல்களையும் எழுதியதும் பிறரை எழுத வைத்ததும் ஆகும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கி ஊழியராகப் பணியாற்றிக்கொண்டே இவற்றைச் செய்தார்.

பிறப்பும் இளமையும்

வள்ளியப்பா இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயத்தை அடுத்துள்ள இராயவரம் என்னும் ஊரில் அழகப்பச் செட்டியார், உமையாள் ஆச்சி இணையருக்கு மகனாகப் பிறந்தார். அழ. என்னும் முன்னெழுத்து தந்தையின் பெயரிலிருந்து வந்ததாகும். அவர் பிறந்தபோது இராயவரம் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 இல்தான்.

இராயவரம் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. இவ்வூர்களின் ஆண்கள் பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டித் தொழிலும் வணிகமும் செய்துவந்தனர். அதனால் ஊரில் குழந்தைகள் பெரும்பாலும் தாய், பாட்டி, அத்தை ஆகியோரின் பொறுப்பிலேயே வளர்ந்தனர். வள்ளியப்பாவின் எழுத்தில் பாட்டியும் அத்தையும் அடிக்கடி வருவதற்கு இச்சூழலே காரணம் எனலாம். எங்கள் பாட்டி, அம்மாவும் அத்தையும் என்னும் பெயர்களில் அவர் நூல்களே எழுதியுள்ளார்.

தொடக்கக் கல்வியை இராயவரத்துக் காந்தி பாடசாலையிலும், உயர்நிலைக் கல்வியை இராமச்சந்திரபுரம் எனப்படும் கடியாபட்டியில் உள்ள பூமீசுவரசுவாமி உயர்நிலைப் பள்ளியிலும் பெற்றார். பள்ளிக்கு நண்பர்களுடன் நடந்தே சென்றுவந்தார். வழியில் கண்ணில் பட்டவற்றையெல்லாம் அப்போதைக்கப்போது பாட்டாகக் கட்டி, உடன் வருவோரைச் சேர்ந்து பாடவைப்பது அவரது வழக்கமாக இருந்தது. கேட்பவரும் பாடுபவரும் தம் வயதொத்த பிள்ளைகளே என்ற நிலையில் தொடங்கிய இப்பழக்கம் அவரது எழுத்தின் தன்மையையே முடிவு செய்தது. பெரியவர் ஒருவர் மேலேயிருந்து அறிவுரை கூறும் தொனி அவரிடம் குறைவாகவே காணப்படும்.

குடும்பத்தின் பொருளாதார நிலை காரணமாக அவர் கல்லூரியில் சேரவில்லை.

சக்தி அலுவலகம்

1940 இல் வள்ளியப்பா சென்னைக்கு வந்து சக்தி இதழின் அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். சக்தியை 1939 இல் நிறுவிய வை. கோவிந்தனும் இராயவரத்தைச் சேர்ந்தவரே. அவர் தமிழ்ப் பதிப்புலகில் பெரும் மாற்றங்களைச் செய்தவர். பிற்காலத்தில், 1957 இல், பாரதியாரின் கவிதைகளை ஒன்றரை ரூபாய் விலையில் மலிவுப் பதிப்பாக வெளியிட்டவர். பெரிய செல்வரும் ஏழைப் பள்ளி ஆசிரியரும் ஒரே நூலை வாங்கிப் படிக்க வேண்டும் என்னும் நோக்கம் அவ்வலுவலகத்தில் இருந்தது. பதினெட்டு வயது இளைஞருக்கு இது நல்ல பள்ளியாக அமைந்தது.

அக்காலத்தில் சக்தியின் ஆசிரியராக இருந்தவர் தி. ஜ. ர. எனப்படும் தி. ஜ. ரங்கநாதன். எளிய உரைநடைக்கும் நல்ல மொழிபெயர்ப்புக்கும் பெயர்பெற்ற அவர், வள்ளியப்பாவைக் கதை எழுதத் தூண்டினார். அவ்வாறு எழுதப்பட்ட ஆளுக்குப் பாதி என்பதே வள்ளியப்பாவின் முதல் கதையாகும். குழந்தைக் கவிஞர் என்று பின்னர் அறியப்பட்டவர் அச்சுலகில் கதையோடு அடியெடுத்து வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1941 இல் இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. வருவாய் நிலையாக வந்ததால் எழுத்தைப் பிழைப்பாகக் கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லாமற்போயிற்று. குழந்தைகளுக்கு எழுதி வாழ்ந்துவிடலாம் என்ற நிலை அன்றைய தமிழ்நாட்டில் எவருக்கும் இல்லை. 1982 இல் ஓய்வு பெறும்வரை அவர் வங்கிப் பணியிலேயே இருந்தார்.

இடையில் ஐந்தாண்டுகள் வங்கியின் இசைவுடன் தென்மொழிகள் புத்தக நிறுவனத்தில் தனி அலுவலராகப் பணியாற்றினார். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியால் 1955 இல் அமைக்கப்பட்ட இந்நிறுவனம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளிலும் குறைந்த விலையில் நல்ல நூல்கள் வருவதற்கு வழிசெய்தது. எந்த நூல் எங்கே விற்கிறது, யார் வாங்குகிறார்கள், பள்ளி நூலகத்துக்கு எது போய்ச்சேருகிறது என்பனவற்றை நேரில் அறிய இப்பணி உதவியது.

இதழ்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய இந்தியப் பகுதிகளில் காகிதக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அத்தகைய நெருக்கடி இல்லாமையால் அங்கிருந்து பல சிறுவர் இதழ்கள் வெளிவந்தன. சிறிய அளவு, குறைந்த பக்கங்கள், ஓரிரு அணா விலை என்பவை அவற்றின் பொது இயல்புகள். பல இதழ்கள் சில மாதங்களிலேயே நின்றுவிட்டன. எனினும் மன்னர் அவையும் மாளிகையும் கொண்ட ஒரு சிற்றூர் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தமிழ்ச் சிறுவர் இதழியலின் தலைநகரமாகவே விளங்கியது எனக் கூறுவது மிகையன்று.

பாலர் மலர், டமாரம், சங்கு ஆகிய இதழ்களின் ஆசிரியப் பொறுப்பை வள்ளியப்பா வெவ்வேறு காலங்களில் மதிப்புறு நிலையில் ஏற்றிருந்தார். பின்னர் 1951 முதல் 1954 வரை பூஞ்சோலை இதழை நடத்தினார். அவர் காலத்துச் சிறுவர் இதழ்களில் வேறு வகைகளும் இருந்தன. 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா அரசர், வேதாளம், தேவதை ஆகிய பாத்திரங்களால் வாசகரைக் கவர்ந்தது. 1950 இல் தொடங்கிய கண்ணன் இதழ் ஆர்வியின் ஆசிரியப் பொறுப்பில் சிறுவர் தொடர்கதைகளுக்கு இடமளித்தது. தமிழ்வாணனின் கல்கண்டு துப்பறியும் கதைகளையும் துணுக்குகளையும் நம்பியது. வள்ளியப்பா பேய்க்கதைகளையும் திகிலூட்டும் கதைகளையும் விரும்பவில்லை. அன்றாட வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ளேயே கதை கிடைக்கும் என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது. வாசகர்கள் எல்லோரும் இதை ஏற்றனர் எனச் சொல்ல முடியாது. வேதாளத்துக்கும் துப்பறிவாளருக்கும் இருந்த வரவேற்பு மிகப் பெரிது.

ஓய்வுக்குப் பின் 1983 முதல் இறக்கும்வரை கோகுலம் இதழின் ஆசிரியராக இருந்தார். கல்கி நிறுவனம் 1972 இல் தொடங்கிய இவ்விதழைத் தொடக்க காலத்தில் கவனித்துவந்தவர் வாண்டுமாமா என்னும் வி. கிருஷ்ணமூர்த்தி (1925 - 2014). வாண்டுமாமா இராயவரத்துக்கு அருகிலுள்ள அரிமளத்தில் பிறந்தவர். சில மைல் இடைவெளியில், மூன்றாண்டு இடைவெளியில் பிறந்த இருவர் ஒரே இதழை இருவேறு வழிகளில் நடத்தினர். வாண்டுமாமா சாகசத்தையும் மாயத்தையும் சித்திரக்கதையையும் கையாண்டார். வள்ளியப்பா பாட்டையும் வினா விடையையும் பெரியோர் வாழ்க்கையையும் அன்றாடக் கதையையும் முன்னிறுத்தினார். குழந்தைகளே எழுதி அனுப்பிய படைப்புகளுக்கும் இதழில் இடம் தந்தார்.

பாடல்கள்

1944 இல் 23 பாடல்களைக் கொண்ட மலரும் உள்ளம் வெளிவந்தது. 1954 இல் 135 பாடல்களுடன் அதன் விரிவான தொகுதியும், 1961 இல் இரண்டாம் தொகுதியும் வந்தன. பாரதியார் 1915 இல் பாப்பாவுக்கு எழுதியதும், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களும் அவருக்கு முன்னிருந்த வழிகாட்டிகள். கவிமணியைத் தம் ஆசானாகவே அவர் மதித்தார். பாரதியார் குழந்தையை நோக்கிப் பேசினார். வள்ளியப்பாவின் பல பாடல்களில் பேசுவது குழந்தையே. பொம்மை உடைந்ததையும் நாய்க்குட்டி வந்ததையும் ஊருக்குப் போனதையும் அக்குழந்தை தன் வாயாலேயே சொல்கிறது. இந்த மாற்றம் சிறிதாகத் தோன்றினும், பிற்காலத் தமிழ்ச் சிறுவர் கதைகளில் தன்மையில் பேசும் சிறுவனையும் சிறுமியையும் வாசகர் இயல்பாக ஏற்பதற்கு இது ஒரு தொடக்கமாக அமைந்தது.

சிரிக்கும் பூக்கள், பாப்பாவுக்குப் பாட்டு, சின்னஞ்சிறு பாடல்கள், ஈசாப் கதைப் பாடல்கள், பாட்டிலே காந்தி கதை ஆகியன பிற பாட்டு நூல்கள். இவற்றுள் பல பாடல்கள் பாடநூல்களில் இடம்பெற்று, எழுதியவர் பெயர் அறியாமலேயே பல தலைமுறையினரால் பாடப்பட்டு வருகின்றன.

கதைகளும் நாவல்களும்

தமிழில் குழந்தை இலக்கியம் என்னும் சொல் மூன்று வயதுக் குழந்தைக்கான தாலாட்டிலிருந்து பதினாறு வயதினருக்கான நாவல்வரை எல்லாவற்றையும் குறித்துவந்தது. இளையோர் இலக்கியம் என்று இன்று தனியாக வழங்கப்படும் பிரிவுக்கு அன்று பெயர் இல்லை. எழுதப்படிக்கத் தெரிந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டுப் புத்தகத்தைக் கடந்தபின் நேரே கல்கியின் சரித்திர நாவலுக்கோ வார இதழ்த் தொடர்கதைக்கோ சென்றுவிடும் நிலையே இருந்தது. இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்களுள் வள்ளியப்பாவும் ஒருவர். பர்மா ரமணி, நீலா மாலா, மணிக்கு மணி, நல்ல நண்பர்கள், குதிரைச் சவாரி, வேட்டை நாய் முதலிய உரைநடை நூல்கள் அவ்வகையில் எழுந்தவை.

இவற்றுள் பர்மா ரமணி தனித்துக் கூறத்தக்கது. பர்மாவிலிருந்து வந்த ரமணி என்னும் சிறுவனைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டது இந்நாவல். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் விளையும் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று சப்பானிய விமானங்கள் இரங்கூனின் மீது குண்டு வீசின. அதைத் தொடர்ந்த மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே வந்தனர். பல்லாயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் வழியிலேயே இறந்தனர். புதுக்கோட்டை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பகுதிகளில் பர்மாவோடு தொடர்பில்லாத தெருவே இல்லை என்னுமளவுக்கு இந்நிகழ்ச்சி மக்களைப் பாதித்தது. வகுப்பறைகளில் திடீரெனப் புதிய முகங்கள் தோன்றின. பர்மாவிலிருந்து வந்த பிள்ளை என்பது அன்றைய தமிழ் மாணவர் எவரும் அறிந்த ஆள். அப்படிப்பட்ட ஒருவனை நாவலின் நடுவில் நிறுத்தியதால் வாசகர் தம் பக்கத்து இருக்கையில் இருப்பவனையே கதையில் கண்டனர். அரசகுமாரனுக்கும் மந்திரி மகனுக்கும் பழகிய சிறுவர் கதையுலகில் இது புதிது.

வெளிநாட்டு எழுத்தாளர்களைத் தமிழ்ச் சிறுவருக்கு அறிமுகப்படுத்துவதிலும் அவர் ஆர்வம் காட்டினார். கதை சொன்னவர் கதை என்னும் நூல் உலகப் புகழ்பெற்ற கதாசிரியர்களின் வாழ்க்கையை இரு பகுதிகளாகக் கூறுகிறது. படிக்கும் கதைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார், அவருக்கும் வறுமையும் தோல்வியும் இருந்தன என்பதைச் சிறுவர் அறிவதற்கான நூல் இது. சின்னஞ்சிறு வயதில், பிள்ளைப் பருவத்திலே ஆகிய நூல்கள் புகழ்பெற்றோரின் இளமைக்கால நிகழ்ச்சிகளைக் கூறுகின்றன. பெரியோரைச் சிறுவராகவே காட்டுவது வள்ளியப்பாவுக்கு விருப்பமான முறை. காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் இருட்டுக்கு அஞ்சியதையும் திருடியதையும் தந்தையிடம் குற்றத்தை எழுதி ஒப்புக்கொண்டதையும் மறைக்காமல் கூறியுள்ளார். தவறு செய்யும் சிறுவன் ஒருவன் நல்லவனாகவும் இருக்க முடியும் என்பதைத் தமிழ்ச் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் கற்பனைப் பாத்திரங்களைக் காட்டிலும் காந்தி கதை வழியாகவே துணிந்து காட்டின என்பது சுவையான முரண்.

நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனத்தின் சிறுவர் நூல் வரிசையில் அவர் எழுதிய நம் நதிகள் பிற இந்திய மொழிகளிலும் வெளிவந்தது.

பாத்திரப் படைப்பு பற்றிய மதிப்பீடு

வள்ளியப்பாவின் சிறுவர் பாத்திரங்கள் எளிய பெயர் கொண்டவர்கள். சாதிப் பெயர் ஒட்டாதவர்கள். வீட்டுத் திண்ணை, பள்ளிக்கூடம், சந்தை, கோயில் திருவிழா, தொடர்வண்டிப் பயணம் ஆகியவை அவர்களது உலகம். சொற்கள் பேச்சுக்கு அருகில் இருக்கும். ஆனால் கொச்சையாக இருப்பதில்லை. தமிழ்நாட்டின் எந்த வட்டாரத்துக் குழந்தையும் தடையின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே செட்டிநாட்டு வழக்கைக்கூட அவர் பெரிதும் தவிர்த்துள்ளார். இதனால் நூல்கள் எங்கும் பரவின. அதே வேளையில் இராயவரத்தின் மணம் அவற்றில் குறைந்துபோயிற்று என்பதையும் கூறவேண்டும்.

பெண் குழந்தைகளைத் துணைப்பாத்திரங்களாக மட்டும் வைக்காமல் நீலா மாலா போன்ற நூலின் தலைப்பிலேயே நிறுத்தியது அக்காலத்தில் அரிதாகவே நடந்தது. எனினும் அவரது உலகத்துக்கு எல்லைகள் இருந்தன. பள்ளிக்குச் செல்ல இயலாமல் வேலைக்குச் சென்ற பிள்ளை, சேரியிலிருந்து வந்த பிள்ளை, உடற்குறையுள்ள பிள்ளை ஆகியோர் அன்றைய சிறுவர் இதழ்களின் பக்கங்களில் நாயகராக இடம்பெற்றது குறைவு. இடம்பெற்றபோதும் இரக்கத்துக்கு உரியவராகவே பெரும்பாலும் வந்தனர். இது வள்ளியப்பாவுக்கு மட்டும் உரிய குறையன்று. இதழை வாங்கும் வசதியுள்ள வீட்டையே ஆசிரியரும் ஓவியரும் மனத்தில் கொண்டிருந்தனர். குழந்தையின் மனம் புண்படக்கூடாது என்னும் அவரது உறுதியான கொள்கையும் ஒரு காரணம். கொடுமையைக் கதைக்குள் விடாத அக்கொள்கை, கொடுமையை நாள்தோறும் காணும் குழந்தையையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிட்டது.

தமிழ்ச் சிறுவர் நாவல் இந்த எல்லையைக் கடக்க நெடுங்காலம் ஆயிற்று. சாகித்திய அகாதமி 2010 இல் பால சாகித்திய விருதை ஏற்படுத்தியபோது தமிழில் முதல் விருது மா. கமலவேலனின் அந்தோணியின் ஆட்டுக்குட்டி நூலுக்கு வழங்கப்பட்டது. 2020 இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம், குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைச் சிறுவருக்கே உரிய கதையாகக் கூறியது. அவரது மற்றொரு நாவலான துலக்கம் ஆட்டிசம் உள்ள சிறுவனை நடுவில் வைத்தது. புதுக்கோட்டையில் பிறந்த மு. முருகேஷ் 2021 இல் இவ்விருதைப் பெற்றார். இவர்களுள் பலர் வள்ளியப்பாவின் பாடல்களைப் பாடி வளர்ந்து, அவர் தயங்கிய இடங்களுக்குச் சென்றவர்கள்.

குழந்தை எழுத்தாளர் சங்கம்

1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. சக்தி வை. கோவிந்தன் அதன் முதல் தலைவர். வள்ளியப்பா அதன் உயிர்நாடியாக இருந்து பல பொறுப்புகளை வகித்தார். குழந்தைகளுக்கு எழுதுவோர் எழுத்தாளர் பட்டியலிலேயே சேர்க்கப்படாத காலம் அது. சிறுகதை எழுதத் தெரியாதவர் சிறுவர் கதை எழுதுகிறார் என்னும் ஏளனம் இலக்கிய வட்டங்களில் இருந்தது. சங்கம் இதற்கு வாதத்தால் விடையளிக்கவில்லை. போட்டிகளை நடத்திப் பரிசுகள் அளித்தது, குழந்தை நூல் கண்காட்சிகளை ஏற்பாடு செய்தது, மாநாடுகள் கூட்டியது. குழந்தை எழுத்தாளர் யார், எவர் என்பதைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டது. யார் எழுதுகிறார்கள் என்பதே பதிப்பாளருக்குத் தெரியாதிருந்த நிலையில் இத்தொகுப்பு பெரிதும் பயன்பட்டது.

சங்கத்தின் பரிசுகள் நாவல், நாடகம், அறிவியல் என்று பிரிக்கப்பட்டு அறிவிக்கப்பட்டதால் பாட்டும் குட்டிக்கதையும் தவிர வேறு வகைகளிலும் நூல்கள் எழுந்தன. நாவல்களுடன் குழந்தை இலக்கிய வரலாறும் எழுதிய பூவண்ணன், அறிவியலைக் கதையாகச் சொன்ன கல்வி கோபாலகிருஷ்ணன் முதலியோர் இக்காலத்தில் முன்னுக்கு வந்தவர்கள். வள்ளியப்பா இளம் எழுத்தாளர்களின் கைப்படிகளைப் படித்துத் திருத்தம் கூறி அனுப்புவதைக் கடமையாகக் கொண்டிருந்தார். வங்கி வேலை முடிந்த மாலை நேரங்களும் விடுமுறை நாட்களும் இதற்கே சென்றன. அவரது சொந்த நாவல்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1948 இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதால் ஊர்தோறும் நூலகங்கள் பெருகின. இதனைச் சங்கம் நன்கு பயன்படுத்திக்கொண்டது. காசு கொடுத்துப் புத்தகம் வாங்காத வீட்டுப் பிள்ளைக்கும் கிளை நூலகத்தில் குழந்தை நூல் கிடைக்கத் தொடங்கியது. நூலக ஆணைகளால் பதிப்பாளர்களும் துணிந்து குழந்தை நூல்களை வெளியிட்டனர்.

விருதுகளும் நினைவும்

வள்ளியப்பாவின் நூல்கள் மத்திய அரசின் பரிசுகளையும் தமிழக அரசின் பரிசுகளையும் பெற்றுள்ளன. பிள்ளைக் கவியரசு, மழலைக் கவிச் செம்மல் முதலிய பட்டங்களும் அவருக்கு வழங்கப்பட்டன. தமிழ்நாடு அரசு அவரது நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளதால் அவற்றை எவரும் பதிப்பிக்கலாம். பல நூல்கள் இணையத்திலும் படிக்கக் கிடைக்கின்றன. பர்மா ரமணியும் அவ்வாறு மீண்டும் வாசகரை அடைந்துள்ளது.

அவருடைய மகள் தேவி நாச்சியப்பனும் குழந்தை எழுத்தாளர். 2019 இல் பால சாகித்திய விருது பெற்ற இவர் காரைக்குடியில் தந்தையின் நினைவாகக் குழந்தை இலக்கிய விழாக்களை நடத்தி வருகிறார். வள்ளியப்பாவின் நூற்றாண்டு 2022 இல் நிறைவுற்றது.

அவர் ஆசிரியராக இருந்த பழைய புதுக்கோட்டை இதழ்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. படித்து முடித்தவுடன் அடுப்பெரிக்கப் போன மலிவுத்தாள் இதழ்கள் அவை. அரிய இதழ்களையும் முதற்பதிப்புகளையும் திரட்டி வைத்திருக்கும் புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களே இத்துறையில் ஆய்வு செய்வோருக்குத் துணையாக உள்ளன.

மறைவு

ஓய்வுக்குப் பின் வள்ளியப்பா மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையில் உறுப்பினராக இருந்தார். குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்கப்பட வேண்டும் என்பது அவரது நெடுநாள் கோரிக்கை. கல்லூரிப் படிப்பு வாய்க்காத அவர் இக்கோரிக்கையைப் பல்கலைக்கழகத்தின் உள்ளேயே நின்று எழுப்பினார். 1989 மார்ச் 16 அன்று அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்து பேரவைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். அன்றே காலமானார். அப்போது அவருக்கு வயது 66.